கையில் ஓர் இழவு வீடு

பெயின்ட் காய நேரம் ஆகும். என்னுடைய கெட்ட பழக்கம் அந்த நேரத்தில்தான் பிடித்தது. நாமக்கல்லுக்கு வெளியே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிறேன். நெற்றியில் முதலாளியின் குலசாமி பெயர், பின்னால் 'ஒலி எழுப்பவும்', கதவில் தாமரையோ கிளியோ, கேட்டால் புலியும் போடுவேன். முதல் கோட் அடித்துவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் டீ குடிப்பேன், வெல்டிங் ஆட்களோடு வம்பளப்பேன். போன் வந்த பிறகு வெல்டிங் பக்கம் யார் இருக்கிறார்கள், யார் வேலையை விட்டுப் போனார்கள் என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

பார்த்தது எல்லாம் கெட்டதுதான். எங்கோ வெள்ளம், எங்கோ கட்டடம் இடிந்தது, திருவிழாவில் நெரிசல், அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கும். தப்பித் தவறி நல்ல சேதி ஒன்று வந்தால், ஓர் ஏழைப் பெண் பெரிய பரீட்சையில் தேறினாள் என்று வந்தால், கட்டைவிரல் அதை மேலே தள்ளிவிட்டு அடுத்த சாவுக்குப் போய்விடும். அட மானங்கெட்டவனே, அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்தால் என்ன குறைந்துவிடும் உனக்கு? பார்க்க மாட்டேன்.

இது போதாதென்று மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் வேறு இருந்தேன். மூன்றும் லாரிக்காரர்களுடையவை. வடக்கே எந்த ரோட்டில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் அரை மணிக்குள் படம் வந்துவிடும். நசுங்கிய கேபின், சிதறிய மூட்டை, சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கும் கூட்டம். நம்பர் பிளேட்டில் நம் மாவட்டத்து எண் இருந்தால் எல்லோரும் துடித்துப்போவார்கள். யார் வண்டி, யார் டிரைவர் என்று கேள்வி பறக்கும். பாதி வண்டிகளை எழுத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். 'அண்ணனைக் கேளு, அண்ணனுக்குத் தெரியும்' என்று எழுதுவார்கள். அதைப் படித்து நான் பூரித்துப்போனேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

என் வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"ஏனுங்க, கையில ஒரு எழவூட்ட வெச்சுக்கிட்டே சோறு திங்கறீங்களே, தொண்டையில எறங்குதுங்களா?"

"நாலு சேதி தெரிஞ்சாத்தான் நாம சாக்கிரதையா இருக்க முடியும்."

"ஆமாங்க, நீங்க சாக்கிரதையா இருந்து கிழிச்சீங்க. கேஸ் தீந்து மூணு நாளாச்சு, அது தெரியுங்களா உங்களுக்கு?"

தெரியாது. ஜாக்கிரதை என்று சொன்னதும் பொய். ஒவ்வொரு வீடியோ முடியும்போதும் 'நம்மூட்டு ஆள் இல்லை' என்று நெஞ்சுக்குள் ஒரு சுகம் வரும். அந்தச் சுகத்துக்காகத்தான் அடுத்ததைத் திறந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

நம்மூட்டு ஆள் என்று பயப்பட எனக்கு ஒருவர் இருந்தார். என் ஒரே தங்கையின் கணவர், வடக்கே ஓடும் லாரி டிரைவர். புதுச்சத்திரத்துக்கு இரண்டு கல் தள்ளி ஒரு சின்ன ஊரில் அவர்கள் வீடு. அவருடைய முதலாளிக்கு இரண்டே வண்டிகள். ஒன்றை மாப்பிள்ளை ஓட்டினார். இன்னொன்றை அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய கூட்டாளி ஓட்டினார். கூட்டாளியின் மனைவியும் என் தங்கையும் ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டில் கொதிக்கிற அளவுக்குச் சிநேகம்.

எங்கள் பக்கத்து லாரிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் போனவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்குப் போன் போடமாட்டார்கள். முதலாளி அவன் மனைவியின் அண்ணனையோ தம்பியையோ கூப்பிட்டுச் சொல்வார். அவன்தான் நேரில் போக வேண்டும். போய், 'ஆஸ்பத்திரியில சேத்திருக்குதாம், கிளம்பு கண்ணு' என்று சொல்வான். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே இந்த ஊர்ப் பெண்கள், கூடப் பிறந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலை நாளில் வாசலுக்கு வந்தால் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. வடக்கே இருந்து திரும்புகிறவர்கள் தொப்பூர் கணவாயை இறங்கி முடிக்கும் வரை வீட்டுக்கு 'வாரேன்' என்று சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டு வந்து சேராமல் போனவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள்.

அது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஒரு புது வண்டியின் நெற்றிக்கு மஞ்சள் அடித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். நாக்பூரைத் தாண்டி ஏதோ ஓர் இடம். ரோட்டோரம் நின்ற டிரெய்லரின் பின்னால் மோதிய லாரி. ரோடு பூராவும் கிழிந்த மூட்டைகளிலிருந்து ஜவ்வரிசி வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. கதவு பிய்ந்து தொங்கியது. அதில் ஒரு கிளி. பச்சைக் கிளி, வால் மட்டும் நீலம்.

அந்த வாலை நீலத்தில் போட்டது நான்தான். பச்சை தீர்ந்துபோன நாளில் மாப்பிள்ளை அவசரப்படுத்தினார் என்று அப்படி முடித்தேன். 'என்னங்க மச்சான், இந்த ஊர்ல இல்லாத கிளியா இருக்குது' என்று அவர் சிரித்தார். உலகத்தில் அந்தக் கிளி ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் போனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி அடித்தேன். அதேதான். அடுத்து அந்த முதலாளிக்கு அடித்திருக்க வேண்டும். அவர் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு போன், இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? குரூப்பைத் திறந்து, 'இது என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டி' என்று எழுதினேன். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் எழுதினேன். எனக்குத்தான் முதலில் தெரிந்தது என்பதை அந்த நிமிஷத்திலும் நான் விடவில்லை. கும்பிட்ட கைகளின் படங்கள் மளமளவென்று விழ ஆரம்பித்தன.

பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்தவன் போக வேண்டுமே, வழக்கம் அல்லவா? முதலாளி சொல்லி அனுப்பாமலேயே, யாரும் கேட்காமலேயே, போனைப் பார்த்து நானே என்னை அனுப்பிக்கொண்டேன். ஹைவேயில் போகும்போது சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது. எடுக்கவில்லை. துக்கம் கேட்கிறவர்கள் என்று விட்டுவிட்டேன்.

தங்கை வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா, என்ன வேல இல்லீங்களா இன்னிக்கு..." என்று நிமிர்ந்தவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஆஸ்பத்திரியில..." என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஈரத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். அப்புறம் கத்தினாள். செத்துப்போய்விட்டார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லை என்று பிற்பாடு பல பேரிடம் வாதாடினேன். எதையும் சொல்லாமலே சொல்வதற்குத்தான் அந்த வழக்கம் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

கால் மணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. அவர்களுக்கெல்லாம் குரூப் வழியாகச் சேதி போயிருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவள் கூட்டாளியின் மனைவி. வந்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் தங்கையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். அலசாமல் கிடந்த துணியை வேறொருத்தியிடம் காட்டி எடுக்கச் சொன்னாள். இந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவர ஆள் அனுப்பினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, மொதலாளி பேசுனாருங்களா?"

அந்தக் கூட்டத்தில் சரியான கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"பேசியாச்சும்மா. எல்லாம் பேசியாச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பேசாமலே வந்தேன் என்று சொல்ல வெட்கம். இவ்வளவு பேருக்கு முன்னால், போனில் பார்த்து ஓடிவந்தவன் என்று ஆகிவிடக் கூடாதே என்ற கௌரவம். தூ!

"எங்கூட்டுக்காரரும் அந்தப் பக்கந்தானுங்க" என்றாள் அவள். "அவரு லோடு ஏத்திட்டு ஊருக்குக் கீழ எறங்குறாரு. ரெண்டு பேரும் நாக்பூர்ல பாத்துக்குவோம்னு முந்தாநாத்துச் சொன்னாரு. காலையிலிருந்து அடிக்கறேன், ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாரு. இந்தச் சேதி கேட்டா மனுசன் ஒடஞ்சு போயிருவாருங்க."

பன்னிரண்டு மணிக்கு நான் வீட்டுக்குப் பின்னால் போய் போனை எடுத்துப் பார்த்தேன். முதலாளியிடமிருந்து ஆறு அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாவது வந்தது. எடுத்தேன்.

"யோவ், உனக்கு அறிவு கிறிவு இருக்குதாய்யா? எவன்யா உன்ன அங்க போகச் சொன்னான்?"

"இல்லீங்க, வீடியோவுல..."

"வீடியோவுல நீ என்னத்தப் பாத்த? கிளியப் பாத்தியா? உன் மாப்பிள்ள உசுரோட இருக்கான்யா. அவனுக்குக் காச்சல். நேத்து நாக்பூர்ல அவனும் கூட்டாளியும் என்னக் கேட்டுட்டுத்தான் வண்டிய மாத்திக்கிட்டாங்க. நீ ஊட்டுக்குப் போயிப் படு, உன் லோட நான் கொண்டு போறேன்னு கூட்டாளிக்காரன் வடக்க போயிட்டான். உன் மாப்பிள்ள கூட்டாளி வண்டியில கீழ எறங்கி வந்துக்கிட்டிருக்கான். மாத்திர போட்டுக்கிட்டுத் தூங்கறான், கிளீனரு ஓட்டறான். போன்ல சார்ஜ் இல்ல. தொப்பூர் எறங்காமச் சொல்லக்கூடாதுன்னு ரெண்டு ஊட்டுக்கும் சொல்லல."

எங்கள் டிரைவர்கள் நடுவழியில் வண்டி மாற்றிக்கொள்வது புதிதில்லை. ஒரே முதலாளியின் இரண்டு வண்டி எதிரெதிரே சந்தித்தால், அவசரமாக ஊருக்குப் போக வேண்டியவன், தெற்கே இறங்குகிற வண்டியை எடுத்துக்கொள்வான். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். வண்டி அடையாளம் தெரிந்ததும் ஆளும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கதவில் என் கையால் வரைந்ததைப் பார்த்த கொழுப்பு, வேறு எதையும் யோசிக்க விடவில்லை.

"அப்ப செத்தது..." என்றேன்.

"ஆமாய்யா. அவன் பொண்டாட்டியோட அண்ணனுக்குச் சொல்லியாச்சு. தம்மம்பட்டியிலிருந்து பைக்ல வந்துக்கிட்டிருக்கான். ஒரு மணிக்கெல்லாம் வந்துருவான். அவன் வர வரைக்கும் நீ வாயத் தொறக்காத. பண்ணுன வரைக்கும் போதும்" என்று வைத்துவிட்டார்.

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார், தங்கை பொழைத்தாள் என்று கொல்லைப்புறத்துப் பொடக்காலிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன், அழுதேன். பிறகு முன்பக்கம் வந்தேன். என் தங்கை அந்தப் பெண்ணின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அந்தப் பெண் அவள் தலையைக் கோதிக்கொண்டே, "அழுவாத சாமி, நான் இருக்கறனல்ல, உன்ன உட்டுருவனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? தங்கையிடம் குனிந்து உன் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால், அடுத்த மூச்சில் அந்தப் பெண் கேட்பாள், அப்ப வண்டியில யாருங்கண்ணா என்று. சொல்லாவிட்டால், உயிரோடு இருக்கிறவருக்காக என் தங்கை மாரில் அடித்துக்கொள்வாள். நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவே இருக்கும், வேப்ப மரத்தடியில் நின்று அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அந்தப் பெண் தன் போனை எடுத்து மறுபடி அவள் கணவருக்கு அடித்தாள். ரிங் போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஒன்றே காலுக்கு அவள் அண்ணன் வந்தான். முதலில் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். பூட்டியிருந்தது. பக்கத்தில் கேட்டு இங்கே வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை.

"அண்ணா, உனக்கு யாரு சொன்னா? இந்நேரத்துக்கு வந்துட்டே?" என்றாள். என் தங்கையின் துக்கத்துக்கு வந்ததாகத்தான் நினைத்தாள்.

அவன் அவள் எதிரே வந்து நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். மடியிலிருந்து என் தங்கையின் தலையை மெதுவாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். எழுந்து நின்று சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"ஊட்டுக்குப் போயிருலாம்ணா" என்றாள். "இங்க வேண்டாம்."

அவர்கள் தெரு முனை திரும்பும் வரைகூட நான் பொறுக்கவில்லை. தங்கையின் காதில் சொல்லிவிட்டேன். அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷம் என்று யாருக்கும் புரியும். தெருவில் நடந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் தங்கைதான் அந்தச் சத்தத்தைப் பாதியில் தன் கையாலேயே அடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பன்னெண்டு மணிக்கு."

"அவ மடியில என்னப் படுக்க வெச்சு வேடிக்கை பாத்தியா?" என்று கேட்டாள். அதுதான் என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. பிறந்த வீட்டுச் சேலையை என் வீட்டுக்காரிதான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வாங்கி வைத்துக்கொள்கிறாளாம், கட்டுவதில்லையாம்.

மாப்பிள்ளை மறுநாள் காய்ச்சலோடு வந்து இறங்கினார். தன் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கூட்டாளியின் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தார். அவர் என்னோடு பேசுகிறார். ஆனால் வண்டிக்குப் பெயர் எழுத இப்போது வேறு ஆளிடம் போகிறார்.

குரூப்களை விட்டு விலகினேன். பதினைந்து நாள் சத்தியமாகப் போனைத் தொடவில்லை. பதினாறாம் நாள், சிவப்பு காய்ந்துகொண்டிருந்தபோது எடுத்தேன். இப்போதும் பார்க்கிறேன். வீட்டுக்காரி திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். திட்டினாலாவது பரவாயில்லை என்று இருக்கிறது. திருந்திவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். திருந்தவில்லை.

போன ஆடியில் புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மில் வேலைக்குப் போகிற சேலையில், டிபன் பாக்ஸ் பையோடு நின்றிருந்தாள். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அவளே வந்துவிட்டாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"இருக்கறேம்மா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவள் அதற்கு இடம் தரவில்லை.

"ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. அந்த வீடியோவ நீங்கதான மொதல்ல பாத்தீங்க. அவரு அதுல... உசுரோட இருந்தாருங்களா?"

எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்றைக்குத் தங்கை வீட்டு மரத்தடியில் நின்றுகூடப் பார்த்தேன். கேபினுக்குள் தகரத்துக்கு நடுவில் ஒரு கை. கிளியைக் கண்டதும் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்த எனக்கு, அந்தக் கை இரண்டு தடவை மேலே எழும்பியது நன்றாகத் தெரியும். படம் எடுத்தவன் கிட்டே போய்க் காட்டினான், பிறகு சிதறிய மூட்டைகளின் பக்கம் திரும்பிவிட்டான்.

"இல்லம்மா. மோதுனதுமே போயிருச்சு. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது அவருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பஸ் வந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படியில் கால் வைக்கும்போது திரும்பினாள்.

"நானும் பாத்தனுங்கண்ணா" என்றாள்.